மலைக்கு இப்புறமும் அப்புறமும்



விளாத்திகுளத்திலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டால், கோவில்பட்டி, சங்கரன்கோவில், தென்காசி, செங்கோட்டை எனக் கடந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே அரை நாளுக்குள் கேரளத்தை அடைந்துவிடலாம். இச்சிறு தொலைவுக்குள் மண்ணும் மழையும் முற்றிலும் மாறிவிடுகின்றன. ஆனி, ஆடியில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரையெல்லாம் மலைக்கு அப்புறமே கொட்டிவிட்டு, நம் கரிசற்காட்டுக்கு வெறுங்காற்றாகவே வந்து சேர்கின்றது. அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. நம் தூத்துக்குடி மாவட்டத்திற்கு அதில் நான்கிலொரு பங்கும் இல்லை. ஐப்பசி மழையை நம்பிக் கம்பும் உளுந்தும் பருத்தியும் விதைக்கும் நம் உழவர், கேரளத்தில் மக்கள் நன்கு வாழ்வதற்கு அம்மழையே காரணம் என்று எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்துமா என்று இன்று ஆராய்வோம்.

வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கோல்கள் பல உள. வருமானத்தையே பலரும் முதலிற் சுட்டுவர். நான் வேறொன்றைத் தேர்ந்துகொள்கிறேன். பிறக்கும் 1,000 குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் இறப்பவை எத்தனை என்னும் கணக்கே அது. ஒரு குழந்தை முதலாண்டைக் கடக்கவேண்டுமானால் தாய்க்கு நல்லுணவு வேண்டும். தூய குடிநீர் வேண்டும். எட்டும் தொலைவில் மருத்துவமனையும், அங்கே செவிலியும் வேண்டும். இவற்றிற்கெல்லாம் முன்னே, குழந்தைக்கு வந்திருப்பது நோய், அதற்கு மருந்துண்டு என்று தாய் அறிந்திருத்தல் வேண்டும். சராசரி வருமானம் சில செல்வரால் உயர்ந்துவிடக்கூடும். இந்த எண்ணை அவ்வாறு திருத்த இயலாது.

1971ஆம் ஆண்டில் இவ்வெண் கேரளத்தில் 58, தமிழ்நாட்டில் 113. அக்காலத்தில் கேரளம் செல்வ நாடன்று. அதன் தனிநபர் வருமானம் இந்தியச் சராசரிக்கும் கீழேயே இருந்தது. ஏழ்மையிலும் இத்தகைய நலம் எவ்வாறு வாய்த்தது என்று திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையத்தார் ஆராய்ந்தனர். அவ்வாய்வை ஐக்கிய நாடுகள் சபை 1975இல் வெளியிட்டது. மழைதான் காரணம் என்போர் அசாமை நோக்குக. மழைவளம் மிக்க அம்மாநிலத்தில், 2020இலும் இவ்வெண் இந்தியச் சராசரியாகிய 28ஐ விஞ்சியே நின்றது.

மெய்யான காரணம் பள்ளிக்கூடம். கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்று திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதி பாய் 1817இல் ஆணை பிறப்பித்தார். ஆயினும் அரசாணையால் மட்டும் கதவுகள் திறந்துவிடவில்லை. புலையர் குழந்தைகளைப் பள்ளியிற் சேர்க்காதவரை வயலில் இறங்கோம் என்று அய்யன்காளியின் தலைமையில் உழவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்தாரைப் பலரும் அறிவர். அரிச்சுவடிக்காகப் பட்டினி கிடந்தாரை நாம் அறிந்துகொள்ள வேண்டாமா?

நம் பக்கம் இம்முயற்சி பிந்தியே தொடங்கிற்று. எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள எட்டயபுரத்தில் 1956இல் காமராசர் பள்ளி மதிய உணவைத் தொடங்கிவைத்தார். 1982இல் எம். ஜி. ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. சிற்றூர்தோறும் கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிகளின் வீடு தேடிச் சென்றனர். 2020இல் கேரளத்தின் எண் 6, நம்முடையது 13. இன்னும் இரு மடங்குதானே என்று கணக்கிற் சிறந்த மாணவர் மடக்கக்கூடும். விகிதம் மாறவில்லை என்பது மெய்யே. ஆனால் 1,000 பிறப்புக்கு அவர்களினும் 55 குழந்தைகளை மிகுதியாக இழந்த நாம், 2020இல் 7 குழந்தைகளையே மிகுதியாக இழந்தோம்.

கேரளத்திலும் குறைகள் உண்டு. கற்ற இளைஞர்க்கு அங்கே வேலை போதாமையால் பல்லாண்டுகளாக வளைகுடா நாடுகளுக்குக் கப்பலும் விமானமும் ஏறினர். தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே இந்தியாவில் முதலிடம் பெற்றது. சராசரி எண் மறைப்பனவும் உண்டு: பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடியில், 2013இல் பழங்குடிக் குழந்தைகள் பலர் ஊட்டமின்றி இறந்தமை நாடு முழுவதையும் அதிரச் செய்தது.

நம் சராசரி மறைப்பதும் ஒன்றுண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கேரளப் பெண்களில் 100க்கு 92 பேர் எழுத்தறிந்தவர். தமிழ்நாட்டில் 73 பேர். எஞ்சிய 27 பேர் யாவர்? எங்கள் வட்டாரத்தில் அவர்களுட் பலரை நான் அறிவேன். 1980களில், விடியுமுன்னே ஊர் ஊராக வந்து நிற்கும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகளில், எட்டு வயதும் பத்து வயதுமான சிறுமியர் தூக்குச்சட்டியோடு ஏறிச் செல்வர். மழை பொய்த்த ஆண்டில் அவர்களின் கூலியே வீட்டின் கஞ்சி. கட்டை அடுக்கிய அவ்விரல்கள் எழுதுகோல் பிடிக்கவில்லை. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசிச் சிறுவரைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அவ்வண்டிகள் பின்னர் நின்றன. அன்று அவற்றில் ஏறிய சிறுமியருட் பலர் இன்று ஐம்பதைக் கடந்தவர். அவர்களுடைய பேத்திகள் என் பள்ளியிற் படித்து, கல்லூரிக்கும் சென்றுவிட்டனர். வங்கிப் படிவத்தில் கைந்நாட்டு வைக்கும் பாட்டிக்கு எங்கே வைக்கவேண்டும் என்று காட்டுபவர் அப்பேத்திகளே.