வாயில்லா நோயாளிகள் – 14: பிளேட் உடைந்தால் யார் குற்றம்?

“இவ்வளவு செலவு பண்ணிப் போட்ட பிளேட், ரெண்டே மாசத்துல ஒடஞ்சிருச்சு டாக்டர். டூப்ளிகேட்டைப் போட்டுட்டாங்களோ?”

இப்படிக் கேட்பவர் கையில் ஒரு எக்ஸ்ரே இருக்கும். அதில் தகடு, சரியாக ஒரு ஸ்குரூ ஓட்டையின் குறுக்கே, இரண்டாகப் போயிருக்கும். பார்த்தால் யாருக்கும் உலோகத்தின் மீதுதான் சந்தேகம் வரும். ஆனால் பெரும்பாலான நேரங்களில் உலோகம் தன் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கிறது. அதன் தவணைதான் முடிந்துவிட்டது.

கட்டுக்கம்பியை ஒருமுறை வளைத்தால் உடையாது. ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் பட்டென்று விடும். நாய் அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் பிளேட்டில் நடப்பதும் அதுதான். வளைவு நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மூன்று மாதக் குட்டிக்கு எலும்பு மூன்று, நான்கு வாரத்தில் கூடிவிடும். வளர்ந்த நாய்க்கு இரண்டு மூன்று மாதம் வேண்டும். எலும்பு சிதறிப்போயிருந்தால் இன்னும் கூடும். அதுவரை உடம்பின் பாரத்தை உலோகம் தாங்குகிறது. எலும்பு கூடக் கூடப் பாரம் அதன் தலைக்கு மாறுகிறது. கூடாமலே இருந்தால், சுவிட்சர்லாந்திலிருந்து வரவழைத்த பிளேட்டானாலும் ஒருநாள் உடையும். ஆகவே உடைந்த பிளேட்டைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி, எலும்பு ஏன் கூடவில்லை என்பதுதான்.

பொமரேனியன் மாதிரிச் சின்ன நாய்களை எடுத்துக்கொள்வோம். சோபாவிலிருந்து குதிக்கும், அல்லது பிள்ளைகளின் கையிலிருந்து நழுவும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்னங்கால் எலும்புகள் இரண்டும் முறியும். தீக்குச்சி கனத்தில் எலும்பு. சுற்றிலும் சதை கிடையாது, தோலும் நரம்பும்தான். சின்ன இன நாய்களுக்கு அந்த இடத்தில் ரத்த ஓட்டமும் குறைவு. “சின்ன முறிவுதானே, மாவுக்கட்டுப் போதும்” என்று தோன்றும் இடம் இது. மாவுக்கட்டு மோசம் செய்கிற இடமும் இதுவே. கட்டைப் பிரிக்கும்போது கால் வளைந்திருக்கும், இல்லை எலும்பு கூடவே கூடாது. இந்த ஒரு முறிவுக்கு மட்டுமாவது முதலிலேயே பிளேட் போட்டுவிடுவது நல்லது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிளேட் அளவுக்கு மீறித் தடிமனாக இருந்தால் பாரம் முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும்; அடியில் உள்ள எலும்பு வேலையில்லாமல் மெலிந்துபோகும். பிறகு பிளேட்டைக் கழற்றியதும் பழையபடி முறியும்.

எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் செலுத்தும் பின்னின் கதை வேறு. செலவு குறைவு, வேலையும் சுலபம் என்பதால் நம் ஊரில் அது இன்றும் நிறையப் போடப்படுகிறது. அந்தப் பின் வளைவதைத் தடுக்கும். எலும்பு முறுக்கிக்கொள்வதைத் தடுக்காது. இரண்டு துண்டுகளும் அதைச் சுற்றித் திரும்பலாம், வழுக்கிக் கீழிறங்கலாம். பின்னே மெல்ல வெளியே நகர்ந்து இடுப்புத் தோலுக்கடியில் கட்டிபோல முட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. தொடையில் பின்னைச் செலுத்திய கோணம் தவறினால் அதன் முனை பக்கத்தில் ஓடும் பெரிய நரம்பில் உரசும். நாய் பாதத்தை மடக்கி இழுத்துக்கொண்டு நடக்கும்.

பின்னின் கனத்தில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. வளையாமல் நிற்கும் பலம், விட்டத்தின் நான்காம் படியாக ஏறும். 3 மில்லிமீட்டர் பின்னைவிட 4 மில்லிமீட்டர் பின் மூன்று மடங்குக்கும் அதிகமாக வளைவைத் தாங்கும். கடையில் இருந்தது இதுதான் என்று ஒரு சைஸ் குறைத்துப் போடுவதன் விலை அது. குழியின் அகலத்தில் அறுபது, எழுபது சதவீதத்தைப் பின் நிரப்ப வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்வதும் இதனால்தான்.

இதற்கெல்லாம் முந்திய தவறு ஒன்று வீட்டில் நடக்கிறது. தொடை முறிந்த நாய்க்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக் கொண்டுவருவார்கள். புத்தூர்க் கட்டுக்குப் போய்வந்த குடும்பமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மனிதர் சமாச்சாரத்தை நான் பேசவில்லை. நாயின் தொடையையும் மேற்கையையும் கட்டி அசையாமல் நிறுத்த முடியாது. முறிவுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு மூட்டையும் சேர்த்துக் கட்டினால்தான் கட்டு பிடிக்கும். நாயின் இடுப்பு மூட்டை எப்படிக் கட்டுவது? கட்டின் பாரம் முறிந்த இடத்துக்குக் கீழே தொங்கி, முறிவை இன்னும் ஆட்டும். குட்டியானால் இன்னும் மோசம்: காலை நீட்டிக் கட்டிய சில வாரங்களில் தொடைச் சதை எலும்போடு ஒட்டி, முழங்கால் மடங்காத குச்சியாகிவிடும். இறுக்கிக் கட்டி ரத்தம் நின்று, பாதம் அழுகி, காலையே எடுக்கும்படி ஆன நாய்களும் உண்டு. விரல் வீங்கினால், சில்லிட்டால் அந்த நிமிடமே கட்டை அவிழ்க்க வேண்டும்.

நாய்க்குக் கட்டு போடும் இந்தத் தொல்லையே ஒரு நல்ல காரியத்துக்கும் வழிவிட்டது. 1930-களில் ஓட்டோ ஸ்டேடர் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர், எலும்பில் பின்களைக் குத்தி, அவற்றைத் தோலுக்கு வெளியே ஒரு கம்பியால் இணைக்கும் சாதனத்தை நாய்களுக்காகச் செய்தார். நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை அறுவை மருத்துவர்கள் அதை மனிதர்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை எடுத்துக்கொண்டது. விபத்தில் அடிபட்டவர் காலில் வெளியே கம்பி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த முறைக்கு நாய்களின் பங்களிப்பும் உண்டு.

பூனைக்கு வருவோம். எலும்பு கூடுவதில் பூனை பொதுவாக நம்மைச் சோதிப்பதில்லை. சோதனை வேறிடத்தில். 1987-இல் நியூயார்க் மருத்துவர்கள் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி எழுதினார்கள். சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. (விழுந்த இடத்திலேயே செத்தவை மருத்துவமனைக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்தே இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.) பத்தில் ஒன்பதுக்கு நெஞ்சில் அடி, கால் முறிந்தவை பாதிக்கும் குறைவு. ஆக, பால்கனியிலிருந்து விழுந்த பூனை நொண்டுகிறது என்றால், காலுக்கு முன் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதைக் கொன்றுவிடும்.

சீழ் பிடிப்பது இன்னொரு தலைவலி. கிருமிகள் உலோகத்தின் மேல் வழுவழுப்பான படலம் ஒன்றைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஊசி போட்டால் அடங்கும். நிறுத்தினால் தோலில் சின்னத் துளை விழுந்து மறுபடி நீர் வடியும். “உடனே பிளேட்டை எடுத்துடுங்க” என்பார்கள். அவசரம் வேண்டாம். பிளேட் அசையாமல் பிடித்திருந்தால் சீழுக்கு நடுவிலும் எலும்பு கூடும். கூடிய பிறகு உலோகத்தை எடுத்தால் சீழும் ஓயும். ஸ்குரூ கழன்று ஆடிக்கொண்டிருந்தால் மட்டும் காத்திருப்பதில் பயனில்லை. பிரித்து மறுபடி செய்ய வேண்டியதுதான்.

மருத்துவர்கள் தப்பித்துக்கொள்ள இதையெல்லாம் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். குட்டையான பிளேட், மெல்லிய பின், சரியாகச் சேராத துண்டுகள், தளர்வாகச் சுற்றிய ஒற்றைக் கம்பி எல்லாமே அறுவை மேசையில் நடக்கும் தவறுகள். அறுவை முடிந்ததும் எடுத்த எக்ஸ்ரேயில் அவை தெரியும். அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது உங்கள் உரிமை. தரத் தயங்கும் இடத்தில் இரண்டாவது கருத்து கேட்பதில் தவறில்லை.

உங்கள் பங்கும் இருக்கிறது. பத்தாம் நாள் நாய் காலை ஊன்றத் தொடங்கும். வலி குறைந்துவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள். எலும்பு கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறவிட்டால் தகடு உடைவது அப்போதுதான். கூண்டிலோ சின்ன அறையிலோ வையுங்கள். வெளிக்குப் போக மட்டும் சங்கிலியில் கொண்டுபோங்கள். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு இருக்கட்டும், பாவமாக இருந்தாலும். ஊன்றிக்கொண்டிருந்த கால் திடீரென்று தூக்கிக்கொண்டால் மறுநாள்வரை பொறுக்காதீர்கள். எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் ஆறாவது வாரத்துக்குள் ஒரு எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்; குட்டியானால் இன்னும் முன்னதாக. வீட்டுக்கு அழைத்துப்போகும் நாளிலேயே அந்தத் தேதியை டாக்டரிடம் கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)