ஓர் எண்ணை மட்டும் நம்பலாகாது

அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்து நிற்கும் உறவினரிடம், "நோயாளியின் இரத்தத்தில் அமிலம் கூடியுள்ளது" என்று கூறிவிட்டு வைத்தியர் அவசரமாக உள்ளே செல்கின்றார். கேட்டவருக்கு எதுவும் விளங்குவதில்லை. வயிற்றெரிவைத்தான் சொல்கின்றார் போலும் என எண்ணி, பால் கொடுக்கலாமா என வினவுவோரும் உளர். அதனை நகைப்பதற்கில்லை. உயிர் ஊசலாடும் வேளையில் உடலின் நிலையைச் சில எண்களில் காட்டும் இரத்த வாயுப் பரிசோதனையைப் பற்றி, எளிய தமிழில் அவர்களுக்கு எடுத்துரைக்கப்படுவது அரிது.

வழமையான பரிசோதனைகளுக்கு நாளத்திலிருந்து குருதி எடுக்கப்படுகின்றது. இதற்கோ, பெரும்பாலும் மணிக்கட்டிலுள்ள நாடியிலிருந்து எடுக்கப்படுகின்றது. நுரையீரல் தன் கடமையைச் செய்து முடித்த பின்னர் உடலெங்கும் செல்லும் குருதி அது என்பதே காரணம். ஒட்சிசன், காபனீரொட்சைட்டு ஆகியவற்றின் அமுக்கமும், பீ.எச். பெறுமானமும், இருகாபனேற்றின் அளவும் இதன் மூலம் தெரியவருகின்றன.

பீ.எச். 7.35 முதல் 7.45 வரை இருத்தல் வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் குருதி அமிலப் பக்கமும், மேலே ஏறினால் காரப் பக்கமும் சாய்ந்துள்ளது என்று பொருள். இந்தத் தராசின் ஒரு தட்டில் இருப்பது காபனீரொட்சைட்டு. அது கூடினால் அமிலம் கூடும். அதை வெளியேற்றுவது மூச்சு. மறுதட்டில் இருப்பது அமிலத்தைத் தணிக்கும் இருகாபனேற்று. அதைக் காப்பது சிறுநீரகம். முன்னையதன் இயல்பான அளவு 35 முதல் 45 மில்லிமீற்றர் இரசம். பின்னையது லீற்றருக்கு 22 முதல் 26 மில்லிமோல். ஒன்று தவறினால் மற்றையது ஈடுசெய்ய முனையும். மூச்சு இதனை விரைவிலேயே தொடங்கிவிடும். சிறுநீரகத்துக்கோ நாட்கள் தேவை.

ஆகவே, இவ்வறிக்கையை வாசிப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. குருதி எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதை முதலில் பீ.எச். சொல்லும். அந்தச் சாய்வுக்குக் காரணமாகும் திசையில் மாறியிருப்பது காபனீரொட்சைட்டாயின் கோளாறு மூச்சில் உள்ளது. இருகாபனேற்றாயின் அனுசேபத்தில் உள்ளது. மற்றையது எதிர்பார்த்த அளவுக்கு ஈடுசெய்துள்ளதா என்பது மூன்றாவது கேள்வி. இல்லையெனில், இரண்டாவது கோளாறொன்றும் மறைந்திருக்கக் கூடும்.

இந்த ஒழுங்கைத் தவறவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 1952ஆம் ஆண்டின் கொப்பன்ஹேகன் நகரம் சாட்சி. டென்மார்க்கின் அத்தலைநகரை இளம்பிள்ளைவாதம் தாக்கியபோது, ப்ளெக்டம் வைத்தியசாலையில் சுவாசக் கருவிகளின் உதவியுடன் சிகிச்சை பெற்ற முதல் 31 பேரில் 27 பேர் மாண்டனர். அவர்களின் குருதியில் இருகாபனேற்று மிகுந்திருந்தது. அந்த ஓர் எண்ணை மட்டும் கண்ட வைத்தியர்கள், குருதியில் காரம் கூடிவிட்டது எனக் கருதினர். மயக்கவியல் வைத்தியரான பியோன் இப்சன் அதனை மறுத்தார். மூச்சுத் தசைகள் செயலிழந்ததால் காபனீரொட்சைட்டு தேங்கியுள்ளது. இருகாபனேற்றின் உயர்வு அதன் விளைவே என்றார் அவர். போல் அஸ்ட்ரப் என்ற ஆய்வுகூட விஞ்ஞானி பீ.எச்.சை அளந்தபோது, குருதி அமிலப் பக்கமே சாய்ந்திருந்தது. ஓகஸ்ட் 27ஆம் திகதி, 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் இடப்பட்ட துளையினூடாக, இறப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தினார் இப்சன். சிறுமி பிழைத்தாள். பின்னர் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகப் பைகளை அழுத்தினர். இறப்பு வீதம் வெகுவாகக் குறைந்தது. இன்றைய அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கமாகக் கருதப்படுவது இதுவே.

எமது வீடுகளுக்கு அண்மித்த உதாரணம் நீரிழிவு. இன்சுலின் அறவே குறையும்போது உடல் கொழுப்பை எரிக்கின்றது. கீற்றோன் அமிலங்கள் பெருகுகின்றன. பீ.எச். 7.22, காபனீரொட்சைட்டு 20, இருகாபனேற்று 8 என ஓர் அறிக்கை வருவதாகக் கொள்வோம். பீ.எச். அமிலத்தைக் காட்டுகின்றது. காபனீரொட்சைட்டோ குறைந்துள்ளது, எனவே குற்றம் மூச்சில் இல்லை. இருகாபனேற்று கரைந்துபோனதே காரணம். சோடியம் 138, குளோரைட்டு 104 எனின், சோடியத்திலிருந்து ஏனைய இரண்டையும் கழிக்க எஞ்சுவது 26. வழமையாக இது 12 அளவிலேயே இருக்கும். மேலதிகமான இடைவெளி, வேறோர் அமிலம் குருதியில் சேர்ந்துள்ளதைக் காட்டிக்கொடுக்கின்றது. வயிற்றோட்டத்தால் இருகாபனேற்று இழக்கப்படும்போது இவ்விடைவெளி பொதுவாக விரிவதில்லை.

இத்தகைய நோயாளி ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடுவார். காபனீரொட்சைட்டை வெளியேற்றி அமிலத்தைக் குறைக்க உடல் செய்யும் முயற்சி அது. அதனை முட்டு வருத்தம் என எண்ணி வீட்டில் வைத்திருப்பது ஆபத்தானது. நீரிழிவுள்ள ஒருவருக்கு வாந்தி, வயிற்றுவலி, கடும் தாகம் ஆகியவற்றுடன் இத்தகைய மூச்சும் காணப்பட்டால் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினைத் தாமாகவே நிறுத்துவது பெருந்தவறு. இன்சுலின் பெறுவோர் நோன்பு நோற்க விரும்பின், றமழானுக்கு முன்னரே வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் அவசியம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது என்பதையும் குடும்பத்தினர் நினைவிற்கொள்ள வேண்டும்.

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பத்தினரே முடிவெடுக்க வேண்டும் என்பது எமது கருத்தன்று. கொப்பன்ஹேகனில் தேர்ந்த வைத்தியர்களே ஓர் எண்ணால் ஏமாந்தனர். ஆயினும், கோளாறு மூச்சிலா அனுசேபத்திலா, அமிலம் எங்கிருந்து வந்தது, அடுத்த அறிக்கையில் எது மாற வேண்டும் எனக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதற்கு அவர்களின் மொழியில் இரண்டு நிமிடமேனும் பதிலளிப்பது வைத்தியத்தின் ஒரு பகுதியே அன்றி, அதற்குப் புறம்பான உபகாரம் அன்று.