சாவிக்கு நடுவே இருக்கும் ஸ்வரம்: சாக்ஸபோனும் கமகமும் பற்றி ஒரு குறிப்பு

சாக்ஸபோன் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு 1994-இல் வந்த 'டூயட்' படம் ஞாபகத்துக்கு வரும். மீதிப் பேருக்கு, டிசம்பர் சீசனில் பளபளக்கும் ஜிப்பாவோடு சபா மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசித்த கத்ரி கோபால்நாத். அவர் 2019 அக்டோபரில் காலமானார். அவர் கண்டுபிடித்து வைத்த வாசிப்பு முறையை அடுத்தவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ஒலிப்பதிவுகள் மட்டும் போதுமா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொஞ்ச நாளாகக் கேட்டும் படித்தும் வந்ததில் தெரிந்தது இது.

முதலில் பிரச்சினை என்னவென்று பார்த்துவிடலாம். புல்லாங்குழலிலும் நாதஸ்வரத்திலும் விரல் நேராகத் துளையைத் தொடுகிறது. பாதி மூடலாம், மெல்ல வழித்துத் திறக்கலாம். அடோல்ஃப் சாக்ஸ் 1846-இல் காப்புரிமை பெற்ற சாக்ஸபோனில் அந்த வசதி கிடையாது. துளைகள் பெரியவை. எல்லாவற்றுக்கும் மெத்தை வைத்த மூடி உண்டு, விரல் அமுக்குவது சாவியை. மூடினால் ஒரு ஸ்வரம், திறந்தால் இன்னொன்று. படிக்கட்டு மாதிரி.

நம் ராகங்களோ படிக்கட்டில் ஏறுவதில்லை. ட்யூனர் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தோடி காந்தாரத்தைப் பாடிப் பாருங்கள். முள் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம்தான் காந்தாரம். அதை எடுத்துவிட்டு காந்தாரத்தின் சாவியை மட்டும் அமுக்கினால் வருவது தோடி இல்லை.

அப்படியானால் ஆட்டத்தை எங்கிருந்து கொண்டுவருவது? மூன்று வழி. ரீடைப் பிடிக்கும் உதட்டின் அழுத்தம், தொண்டைக்குள்ளும் நாக்கிலும் மாறும் வடிவம், சாவியை ஒரேயடியாக விடாமல் மெதுவாக விடுவது. இது ஜாஸ்காரர்களுக்குப் புதிதல்ல. ட்யூக் எலிங்டன் குழுவில் இருந்த ஜானி ஹாட்ஜஸ் ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போவதற்கே பேர்போனவர். ஆனால் ஒரு வித்தியாசம். ஜாஸில் எங்கே வளைப்பது என்பது பெரும்பாலும் வாசிப்பவரின் இஷ்டம். இங்கே எந்த ஸ்வரம் ஆடலாம், எவ்வளவு ஆடலாம், எது ஆடவே கூடாது என்பதை ராகம் சொல்லிவிடுகிறது.

கத்ரிக்கு இதில் ஒரு அனுகூலம் இருந்தது. அப்பா நாதஸ்வர வித்வான். சீவாளியை உதட்டாலும் மூச்சாலும் ஆள்வது அவர் வீட்டுப் பாடம். கருவியிலும் தனக்குத் தோதாகச் சில மாற்றங்கள் செய்துகொண்டார். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சென்னையில் அவருக்கு குருவாக இருந்த டி.வி. கோபாலகிருஷ்ணன் பாட்டும் மிருதங்கமும் தெரிந்தவர், சாக்ஸபோன்காரர் அல்ல. அதாவது விரலை எங்கே வைப்பது என்று குரு காட்டவில்லை. காதுக்கு என்ன கேட்கவேண்டும் என்பது குருவிடமிருந்து வந்தது, விரலையும் உதட்டையும் சிஷ்யரே தேடிக்கொண்டார்.

எதிர்த்திசையிலிருந்து வந்தவர் ருத்ரேஷ் மஹந்தப்பா. கர்நாடகத்திலிருந்து போன பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஜாஸ் ஆல்டோ சாக்ஸபோன்காரர். அவருடைய சகோதரர் வேடிக்கையாக வாங்கிக்கொடுத்த கத்ரியின் இசைத்தட்டுதான் அவரை இந்தப் பக்கம் திருப்பியது. 2008-இல் இருவரும் சேர்ந்து 'கின்ஸ்மென்' ஆல்பத்தை வெளியிட்டார்கள், வயலின் நம்ம ஏ. கன்யாகுமரி. குகன்ஹைம் நிதி உதவியோடு சென்னையில் தங்கியும் படித்தார். அதன் விளைவான 'சந்தி' (2011) ஆல்பத்தில் சாக்ஸபோனோடு லேப்டாப்பும் அவர் வாத்தியம். 2016 முதல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் துறையை நடத்துகிறார். மேடை, வகுப்பு, கம்ப்யூட்டர் மூன்றும் ஒரே ஆளிடம். கவனித்தால், அவர் கத்ரியைக் காப்பி அடிக்கவில்லை. வளைவுகளைக் கேட்டுப் பழகி, ஜாஸ் வாக்கியத்துக்குள் கொண்டுபோகிறார்.

சரி, தொழில்நுட்பம் மாணவருக்கு எதில் உதவும்? மெதுவாகக் கேட்பதில். அந்தக் காலத்து ஜாஸ் மாணவர்கள் 33⅓ வேக எல்.பி.யை 16⅔-இல் சுழலவிட்டு சார்லி பார்க்கரைப் பிடித்தார்கள். வேகம் பாதியாகும், சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். இன்று சுருதி மாறாமலே போனில் மெதுவாக்கலாம். பாடுவதை கோட்டு வரைபடமாகக் காட்டும் இலவச மென்பொருளும் இருக்கிறது. தோடி காந்தாரம் அதில் அலை மாதிரி தெரியும்.

ஆனால் அந்த அலையை உண்டாக்கியது உதடா, தொண்டையா, சாவியா என்று வரைபடம் சொல்லாது. அலை சரியாக இருந்தும் ராகம் வராமல் போவதும் உண்டு, ஏனென்றால் முன்னால் வந்த ஸ்வரமும் அதில் சேர்த்தி. அங்கே பக்கத்தில் உட்கார்ந்து 'இல்லை, இன்னொரு தடவை' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

அதனால் சாக்ஸபோன் கற்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் வாயால் பாடு. அதே பிடியை மெதுவாக்கிக் கேள். வாசித்துப் பதிவு செய். வரைபடம் கடைசியில், சந்தேகம் தீர்க்க மட்டும். மயிலாப்பூர், அடையாறு பக்கம் எந்தப் பாட்டு கிளாஸுக்குப் போனாலும் டீச்சர் பாட, குழந்தை திருப்பிப் பாடுகிறதே, அந்த முறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சாக்ஸபோன் கிளாஸுக்கும் ஒரு பாட்டு வாத்தியார் வேண்டும், அவ்வளவுதான்.