பம்புசெட்டுத் தொட்டியும் பின்னிரவுச் சர்க்கரையும்

காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் நாள்களில் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் ஒரே கேள்வி பலமுறை எழும்: "ஊருக்குப் போகலாமா, டாக்டர்?" முதல் வகை நீரிழிவு உள்ள பத்து வயதுச் சிறுவன் ஒருவனின் பெற்றோரும் கேட்டனர். "தாராளமாகச் சென்று வாருங்கள், கவனமாக இருங்கள்" என்றோம். அந்த அறிவுரை போதவில்லை என்பதை அந்த ஒரு வாரம் எங்களுக்கு உணர்த்தியது.

பள்ளி நாள்களில் மணியடித்தால் உணவு, மணியடித்தால் விளையாட்டு. இன்சுலின் அளவும் அந்த ஒழுங்கையொட்டியே அமைகிறது. விடுமுறையில் அந்த மணி இல்லை. பயணத்தின் முதல் நாளே, நண்பகலில் உணவுக்கு நிற்க வேண்டிய பேருந்து இரண்டு மணிக்குத்தான் நின்றது. இலையில் சோறு விழும்வரை ஊசி போடுவதில்லை என்று தாயார் உறுதியாக இருந்ததால் தீங்கில்லை.

தாத்தா வீட்டில் வேறொரு சோதனை காத்திருந்தது. கூடுதலாகக் கொண்டுசென்ற இன்சுலின் கெட்டுவிடக் கூடாதே என்று பாட்டி அதைக் குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டில், பனிக்கட்டி உறையும் ஃப்ரீசரில் வைத்துவிட்டார். உறைந்த இன்சுலின் உருகியபின் பார்வைக்குப் பழையபடியே தோன்றலாம். அதன் வீரியத்தை நம்ப முடியாது. எறிந்துவிட வேண்டியதுதான். தந்தை மறுநாள் நகரத்திற்குச் சென்று புதிதாக வாங்கிவந்தார். திறவாத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் போதும். அதாவது பெட்டியின் கீழ்த்தட்டு. பாட்டியின் மேல் குற்றமில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பம்புசெட்டு. மாமன் பிள்ளைகளோடு தொட்டியில் இரண்டு மணி நேரம் குதித்துக் குளித்தான். இறங்குமுன் சர்க்கரை 140 மி.கி.; உறங்கப் போகும்போது 112. எல்லாம் சரியென்றே தோன்றியது. பின்னிரவு இரண்டு மணிக்கு அவன் ஏதோ குழறுவது கேட்டுத் தாயார் விழித்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அளவு 52. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்தார். பதினைந்து நிமிடம் கழித்து 78. பிறகு ஒரு வாழைப்பழம். விடியும்வரை அவர் உறங்கவில்லை.

காலையில் தொலைபேசியில் அழைத்தார். "இனி இவனைத் தண்ணீரில் இறங்க விடமாட்டேன். இன்றே திரும்புகிறோம்" என்றார்.

பிழை எங்களுடையது. கடும் விளையாட்டின்போது செலவான சர்க்கரைச் சேமிப்பைத் தசைகள் பின்னர் இரத்தத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கின்றன. இன்சுலினும் கூடுதலாக வேலை செய்கிறது. இவ்விளைவு இரவு முழுவதும், சில வேளை மறுநாள் வரைகூட, நீடிக்கலாம். இதைப் புறப்படும் முன்பே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். அன்று சொன்னோம்: குளித்த நாளில் இரவு இன்சுலினை எவ்வளவு குறைப்பது, படுக்குமுன் என்ன உண்பது, எத்தனை மணிக்கு அளந்து பார்ப்பது என்று. அந்த அளவு அவனுக்கானது. உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

அவர்கள் திரும்பவில்லை. அவன் மறுநாளும் தொட்டியில் இறங்கினான். இம்முறை கரையில் சர்க்கரைப் பொட்டலம் இருந்தது. பேச்சுக் குழறினாலோ கை நடுங்கினாலோ உடனே கொடுக்க வேண்டும் என்பது மாமன் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. நினைவிழந்தால் மட்டும் வாயில் எதையும் புகட்டக் கூடாது; ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் பெரியவர்களுக்குச் சொல்லியிருந்தோம்.

நவராத்திரி தொடங்கியிருந்தது. கொலு வைத்த ஒரு வீட்டில், "ஐயோ, இந்தப் பிள்ளைக்குச் சுண்டல் கொடுக்கலாமா?" என்று ஒருவர் கேட்டாராம். இத்தகைய இரக்கம் பிள்ளைகளை ஊசியைவிட அதிகமாகக் குத்துவதை நாங்கள் கண்டிருக்கிறோம். அவனோ, "கொடுக்கலாம் அத்தை, ஒரு கிண்ணம்" என்று கையை நீட்டியிருக்கிறான்.

விடுமுறை முடிந்து வந்தபோது அளவுக் குறிப்பேட்டைக் காட்டினான். எண்களுக்கு அருகே அவனே எழுதியிருந்தான்: 'பேருந்து', 'பம்பு', 'சுண்டல்', மீண்டும் 'பம்பு'. அரையாண்டு விடுமுறையில் அருவிக்குப் போகலாமா என்று கேட்டான். நாங்கள் பதில் சொல்லுமுன், அன்றிரவு இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்று தாயார் கேட்டார்.