மணிச்சத்தைக் காட்டிக்கொடுக்கும் ஆப்பசோடா!

ஒரு ஹெக்டேர் மேல்மண்ணில் நூற்றுக்கணக்கான கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்) கிடக்கும். அதிலேயே நிற்கும் பயிர் மணிச்சத்துப் பற்றாக்குறையால் குன்றிப்போகும், தெரியுமா? சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும், செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. மண்ணீரில் கரைந்து வேருக்குத் தயாராக இருப்பது பெரும்பாலும் ஒரு கிலோகூடத் தேறாது!

அப்படியானால் மண் பரிசோதனைக் கூடத்தில் எதை அளக்கிறார்கள்? 1954-இல் அமெரிக்காவில் ஓல்சன் குழுவினர் வகுத்த முறையில் பயன்படுவது சோடியம் பைகார்பனேட். நம் வீட்டு ஆப்பசோடாவேதான்! அந்தக் கரைசலில் மண்ணைப் போட்டு அரை மணி நேரம் குலுக்கினால் கால்சியத்தின் பிடி தளர்கிறது. பயிருக்கு எட்டக்கூடிய பங்கு வெளியே வருகிறது. வடிகட்டிய நீரில் மாலிப்டேட்டும் வைட்டமின் சி-யும் சேர்த்துவிட்டுப் பாருங்கள், குழாய்க்குள் நீலம் பரவும்! எவ்வளவு அடர்நீலமோ அவ்வளவு மணிச்சத்து. தமிழ்நாட்டில் வழக்கமாக ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு, 22-ஐத் தாண்டினால் அதிகம். அதிகம் என்று வந்த வயலில் மூட்டை மூட்டையாக டிஏபி உரம் கொட்டுவது வீண் செலவு.

அமில மண்ணுக்கு வேறு கரைசல்: 1945-இல் பிரேயும் கர்ட்சும் தந்த புளோரைடு முறை. அதையே சுண்ணாம்பு மண்ணில் ஊற்றினால், சுண்ணாம்பு அந்தக் கரைசலில் உள்ள அமிலத்தை முறித்துவிடும். இருக்கிற சத்தையும் இல்லை என்று காட்டிவிடும்! எந்த முறையில் பார்த்தார்கள் என்று அவசியம் கேளுங்கள்.

இலை சொல்லாதா என்கிறீர்களா? சொல்லும், ஆனால் ஏமாற்றும். மக்காச்சோளத்தின் அடியிலைகள் ஊதா நிறமாகும். குளிரிலும் அப்படி ஆவதுண்டு. நெல்லோ இன்னும் பொல்லாதது! மணிச்சத்துக் குறைந்த நாற்று மஞ்சளாகாமல் கரும்பச்சையாக நிற்கும். செழிப்பு என்று நினைத்துவிடுவோம். தூர் எண்ணிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

இன்னொன்று: வயலில் தண்ணீர் கட்டியதும் மண்ணில் காற்று குறைந்து, இரும்பு உருமாறி, பிடித்து வைத்திருந்த மணிச்சத்தை விட்டுவிடுகிறது! உலர்ந்த மண்ணில் எடுத்த அளவு, நெல்லுக்கு உண்மையில் கிடைப்பதைக் குறைத்துக் காட்டக்கூடும்.

மண் பிடித்து வைத்த மணிச்சத்து பின்னாளிலும் பயிருக்கு உதவும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் ஒரு நிலத்துக்கு 1901-உடன் உரமிடுவதை நிறுத்தினார்கள். அதற்கு முன் இட்ட மணிச்சத்தின் மிச்சம், பல பத்தாண்டுகள் கழித்தும் பார்லி விளைச்சலில் தெரிந்தது!