அலை வரும் வழி, கேபிள் வரும் வழி

இதழியலோ காட்சி ஊடகமோ எடுத்துக் கல்லூரியில் சேரும் மாணவருக்குத் தொடக்கத்திலேயே ஒரு தாள் வந்துவிடும்: வானொலி, தொலைக்காட்சி, கேபிள் மூன்றுக்கும் சேர்த்து ஓர் அறிமுகம். பாடம் வழக்கமாக மார்க்கோனியின் வானொலியில் தொடங்கி, பேர்டின் தொலைக்காட்சிக்குத் தாவி, 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் தொலைக்காட்சி வந்ததில் இறங்கும். தேதிகளை மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம். ஆனால் பாடத்தின் கரு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நிகழ்ச்சி எந்த வழியாக வீட்டுக்கு வருகிறது, அந்த வழி யார் கையில் இருக்கிறது என்பதுதான் அது. இதை ஊர் சுற்றியே கற்றுக்கொள்ளத் திருவனந்தபுரம் வசதியான நகரம்.

முதலில் வழுதக்காடு. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் வசித்த ‘பக்தி விலாசம்’ இருந்த இடத்தில்தான் இன்று அகில இந்திய வானொலி நிலையம் இருக்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சொந்த வானொலி 1943 மார்ச் 12 அன்று, சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் தொடங்கியது. நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரில் இருந்ததால், நாகர்கோவில்காரர்களுக்கும் அதுதான் தங்கள் அரசின் வானொலி. சென்னையின் கதை வேறு. அங்கே 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சங்கம் அமைத்து ஒலிபரப்பினார்கள். பணம் தீர்ந்ததும் 1930இல் மாநகராட்சி ஏற்றது. 1938இல் அகில இந்திய வானொலி வந்தது. ஓரிடத்தில் ஆர்வலர்கள், மற்றதில் அரண்மனை. இரண்டும் கடைசியில் டெல்லியிடம் போய்ச் சேர்ந்தன. திருவனந்தபுரம் நிலையம் கைமாறிய நாள் 1950 ஏப்ரல் 1.

இங்கே கொஞ்சம் இயற்பியல் வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. திருவனந்தபுரம் வானொலியின் மத்திய அலை 1161 கிலோஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை இந்த எண்ணால் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 258 மீட்டர். இத்தனை நீண்ட அலை தரையை ஒட்டி, பூமியின் வளைவோடு சேர்ந்தே போகும். பகலில் வளிமண்டலத்தின் மேலடுக்கு ஒன்று, மேலே போகும் பங்கை விழுங்கிவிடும். இருட்டியதும் அந்த அடுக்கு மெலிந்து, அதற்கும் மேலுள்ள அடுக்கில் பட்டு அலை திரும்பி இறங்கும். பகலில் கேட்காத தூரத்து நிலையங்கள் ராத்திரியில் கேட்பதும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கரகரப்பதும் இதனால்தான்.

அதே நகரின் பண்பலை 101.9 மெகாஹெர்ட்ஸ். இதன் அலைநீளம் மூன்று மீட்டர்கூட இல்லை. இது ஏறக்குறைய பார்வை போகும் தூரம்தான் போகும். எனவே கோபுரத்தின் உயரமே எல்லை. நூறு மீட்டர் கோபுரத்திலிருந்து சமதரையில் ஐம்பது கிலோமீட்டர் தூரம்வரை கிடைத்தால் நல்லது. கொடைக்கானல் பண்பலை தென்மாவட்டங்கள் பலவற்றில் கேட்பதற்குக் காரணம், கோபுரத்துக்கு அடியில் இரண்டாயிரம் மீட்டர் மலை இருப்பது. எல்லை தெரிந்தால் நேயர் யார் என்று தெரியும். நேயர் தெரிந்தால் நிகழ்ச்சியும் மாறும். மூன்று மாவட்டத்துக்கு வாசிக்கும் செய்தியில் ஒரு தெருவின் போக்குவரத்து நெரிசலுக்கு இடமில்லை. நகரப் பண்பலைக்கோ அதுவே பெரிய செய்தி.

குடப்பனக்குன்னில் தூர்தர்ஷன் நிலையம். மலையாள ஒளிபரப்பு இங்கே 1985 ஜனவரி 1 அன்று தொடங்கியது. தென் தமிழகக் கடலோரத்தில் அதற்கு முன்பே பலர் மொட்டைமாடியில் நீண்ட குழாய் நட்டு, ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி, 1982இல் தொடங்கிய ரூபவாஹினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடல்மேல் தடையில்லாததால் அலை சுலபமாக வந்தது. அலைக்கு எல்லைச் சாவடி கிடையாது.

மூன்றாவது வழியான கேபிள்தான் சுவாரசியமானது. பாடப்புத்தகங்கள் அதை அரைப் பக்கத்தில் முடித்துவிடுவது எனக்கு எப்போதும் குறையாகவே படும். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின்படி ஒலிபரப்பு அரசின் தனியுரிமையாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் தனியார் யாரும் இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்கு அலை அனுப்ப முடியாது. ஆனால் வெளிநாட்டிலிருந்து அனுப்பி இந்தியாவில் பிடிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. 1993இல் சென்னையில் சன் டிவியும் திருவனந்தபுரத்தில் சசிகுமார் தொடங்கிய ஏசியாநெட்டும் இந்தச் சந்தில்தான் நுழைந்தன. நிகழ்ச்சி இங்கே பதிவாகும். அலை கடல் கடந்த நாட்டிலிருந்து ஏறும். 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளைத் தொட்டு, கேபிள்காரரின் டிஷ்ஷில் இறங்கும்.

இறங்கிய பின் வீடுவரை கொண்டுபோக வேண்டுமே. தமிழ்நாட்டு நகரங்களில் கேபிள்காரர்கள் மாடிக்கு மாடி, மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டினார்கள். கேரளத்தில் வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. ஒவ்வொன்றும் தன் தோப்புக்குள் தள்ளி நிற்கும். நீளம் கூடக் கூடச் செப்புக் கேபிளில் சமிக்ஞை தேயும். இடையிடையே பெருக்கி வைக்க வேண்டும். பெருக்கிக்கு மின்சாரமும் வேண்டும். ஏசியாநெட்டின் கேபிள் நிறுவனம் மாநில மின்வாரியத்தின் கம்பங்களில் கேபிள் இழுக்க அனுமதி பெற்றபோது கிடைத்த பலன் இப்போது புரியும். செயற்கைக்கோள் யாருக்கும் வாடகைக்குக் கிடைக்கும். ஊர் முழுக்க நிற்கும் மின்கம்பங்கள் ஒருவரிடம்தான் உண்டு.

சட்டம் பின்னால் வந்தது. வானலைகள் பொதுச் சொத்து, அரசின் தனியுடைமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9 அன்று ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் சொன்னது. அதே ஆண்டு கேபிள் ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. கேபிள்காரர் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றானது. அதன் பிறகு இரு மாநிலங்களும் பிரிந்து நடந்தன. தமிழ்நாட்டில் 2007இல் அரசே கேபிள் நிறுவனம் அமைத்து, 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. கேரளத்தில் சிறிய கேபிள்காரர்கள் ஒன்றுசேர்ந்து ‘கேரள விஷன்’ என்று தாங்களே பெரிய நிறுவனமானார்கள். எந்தச் சானல் எந்த எண்ணில் வரும், எது திடீரென்று வராமல் போகும் என்பதைத் தேர்தல் காலத்தில் கவனித்தவர்களுக்கு, கேபிளின் உடைமை ஏன் பாடத்தில் இருக்க வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை.

கேரள அரசின் கல்விச் சானலான விக்டர்ஸ் இன்னொரு உதாரணம். 2005இல் அப்துல் கலாம் தொடங்கிவைத்தபோது அதற்கு வழி எடுசாட் செயற்கைக்கோள். 2020 ஜூன் 1 அன்று கொரோனாவால் பள்ளிகள் திறக்க முடியாமல் போனபோது அதே சானலில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் ஓடின. கேபிள், டிடிஎச், இணையம் என எல்லா வழியிலும் போயின. அப்படியும் தொலைக்காட்சி இல்லாத பிள்ளைகள் மிஞ்சினார்கள். அவர்களுக்கு நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொதுப் பெட்டி வைக்க வேண்டியிருந்தது.

இந்தத் தாளோடு வரும் எழுத்துப் பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வானொலிக்கு எழுதும்போது வாக்கியம் ஒரு மூச்சில் முடிய வேண்டும். 4,97,312 என்பது ‘சுமார் ஐந்து லட்சம்’ ஆக வேண்டும். பெயருக்கு முன்பே பதவி வர வேண்டும். தொலைக்காட்சியில் திரையில் தெரிவதை வாயால் திரும்பச் சொல்லக் கூடாது. இரண்டுமே படித்தால் வராது, உரக்க வாசித்தால்தான் வரும்.

இந்தப் படிப்பில் சேரப்போகிறவர் கல்லூரியில் ஸ்டூடியோவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். கேமரா எல்லா இடத்திலும் ஒன்றுதான். மத்திய அலை பரப்பும் மையத்துக்கும் கேபிளின் கட்டுப்பாட்டு அறைக்கும் மாணவர்களை அழைத்துப் போவார்களா என்று கேட்கலாம். கேபிள் இன்று தொலைக்காட்சியோடு இணையத்தையும் விற்கிறது. அந்தக் கணக்கு வகுப்பில் வருமா என்றும் கேட்கலாம்.