'இங்கே' என்றால் எங்கே?

கூகுளில் 'கிளிக் ஹியர்' என்று தேடியவர்களுக்குப் பல ஆண்டுகள் முதலில் வந்து நின்றது அடோபி ரீடரைத் தரவிறக்கும் பக்கம். அந்தச் சொற்களுக்கும் அந்த மென்பொருளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பி.டி.எஃப். கோப்பை வலையேற்றிய எண்ணற்ற தளங்கள், 'திறக்க ரீடர் வேண்டுமா? இங்கே சொடுக்கவும்' என்று எழுதி, கடைசி இரண்டு சொற்களில் மட்டும் இணைப்பு கொடுத்திருந்தன. அதன் பலன்தான் இது.

ஒரு பக்கம் எதைப் பற்றியது என்று கணிக்க, அதைச் சுட்டும் இணைப்புகளின் சொற்களையும் கூகுள் பார்க்கிறது. அதன் நிறுவனர்கள் செர்கே பிரினும் லாரி பேஜும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலேயே இந்த உத்தி விளக்கப்பட்டிருக்கிறது.

இயந்திரம் ஏமாந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பார்வையற்ற வாசகரின் சிக்கல் அப்படியல்ல. ஜாஸ், என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான்களில் இன்சர்ட், எஃப்7 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பக்கத்திலுள்ள இணைப்புகளைத் தனிப் பட்டியலாகக் கேட்கலாம். முன்பின் வாக்கியங்கள் அதில் வராது. செய்தித் தளமொன்றில் அப்படிக் கேட்டால், 'மேலும் படிக்க, மேலும் படிக்க, மேலும் படிக்க' என்றே குரல் ஓதிக்கொண்டிருக்கும். எது வெள்ளச் செய்தி, எது கிரிக்கெட்? உலகளாவிய வலை அமைப்பின் அணுகல் வழிகாட்டி, இணைப்பின் நோக்கம் விளங்க வேண்டும் என்பதை அடிப்படை நிலை விதியாகவே வைத்திருக்கிறது.

இணைப்புச் சொற்களுக்குப் பதில் பக்கத்தின் முகவரியை அப்படியே ஒட்டிவிடுவது இன்னும் மோசம், அதுவும் தமிழில். யூனிகோடில் 'தமிழ்' என்பது மெய்ப்புள்ளியும் இகரக் குறியும் உட்பட ஐந்து குறியீடுகள். முகவரியை நகலெடுக்கும்போது அவை ஒவ்வொன்றும் சதவீதக் குறிகள் கலந்த ஒன்பது எழுத்துகளாக விரியும். ஒரே சொல் 45 எழுத்துகளாகிவிடும். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தவர்களுக்கு இந்தக் கண்ணராவி பழக்கமானதுதான்.

'உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இங்கே சொடுக்கவும்' என்பதைவிட, 'உதவித்தொகை விண்ணப்பப் படிவம் (பி.டி.எஃப்.)' என்ற சொற்களே இணைப்பாக இருப்பது மேல். போகுமிடமும் தெரிகிறது, திறக்கப்போவது கோப்பு என்பதும் தெரிகிறது. அதற்காக முழு வாக்கியத்துக்கும் அடிக்கோடு இழுக்க வேண்டியதில்லை. மூன்று நான்கு சொற்கள் தாராளம்.

வேற்றுமை உருபை என்ன செய்வது? 'கோயில்' என்பதற்கு மட்டும் இணைப்பு கொடுத்து ஐ உருபை வெளியே விட நினைத்தால், 'கோயிலை' என்பதில் 'லை'யைப் பிளக்க நேரும். உருபையும் சேர்த்தே இணைப்புக்குள் வைத்துவிடலாம்.